எழுபத்தொன்பது அடியில் ஒரு நந்தி

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை டெல்டாக்காரர்கள் தங்கம் விலை பார்ப்பதுபோல நாள்தோறும் பார்ப்பார்கள். அந்த அளவுகோலில் அவர்களுக்கு முக்கியமான எண்கள் இரண்டு. 120 அடி என்றால் அணை நிரம்பிவிட்டது. ஜூன் தொடக்கத்தில் 90 அடிக்கு மேல் நின்றால் ஜூன் 12 அன்று மதகு திறக்கும், குறுவைக்கு விதை நெல் வாங்கலாம். அணைக்கு மேற்புறம், கொளத்தூர் வழியாகப் போனால் வரும் பண்ணவாடியில் இதே அளவுகோலை வேறு விதமாகப் படிக்கிறார்கள். 79 அடிக்குக் கீழே இறங்கினால் நந்தியின் தலை தெரியும். இன்னும் பத்தடி வடிந்தால் மாதா கோயில் கோபுரம் எட்டிப் பார்க்கும்.

நான் அங்கே போன 2024 ஜூனில் நீர்மட்டம் ஐம்பது அடிக்கும் கீழே கிடந்தது. நந்தி முழுசாக வெளியே இருந்தார். தண்ணீர் அவரை விட்டு வெகுதூரம் போய்விட்டிருந்தது. அவரைச் சுற்றிக் கறுத்த வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போயிற்று. யாரோ ஒரு மாலை போட்டு, கற்பூரம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். பைக்கில் வந்த பையன்கள் நந்தியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். இது ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி. கோயிலைச் சுற்றி ஒரு ஊர் இருந்தது, சந்தை இருந்தது, வயல் இருந்தது. 1934இல் அணையில் தண்ணீர் தேங்கியபோது அவ்வளவும் உள்ளே போயின. கொஞ்சம் தள்ளித் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம். தொண்ணூறு வருஷம் தண்ணீருக்குள் போவதும் வருவதுமாக இருந்தும் அதன் சுண்ணாம்புக் காரை விட்டுவிடவில்லை. கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள்.

வறட்சி வந்தால் ஊருக்கெல்லாம் கவலை. இங்கே அதில் ஒரு சின்ன லாபம் உண்டு. தண்ணீர் வடிய வடிய அதன் பின்னாலேயே ஏரை ஓட்டிக்கொண்டு போய்க் கம்பு, சோளம், நிலக்கடலை விதைக்கிறார்கள். உரமே வேண்டாத மண். நிலம் யாருடையது என்றால் அரசாங்கத்தினுடையது. அதாவது ஒரு காலத்தில் இவர்களுடையது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எங்க தாத்தன் காடு அந்தப் பாறைக்கு அந்தாண்டைங்க. எங்கப்பாரு கை காட்டுவாரு. நான் அதுல வெள்ளாமை வெச்சதை விட மீன் புடிச்சதுதானுங்க அதிகம்."

"இப்ப விதைச்சிருக்கீங்களா?"

"கம்பு போட்டிருக்கேன். கர்நாடகாவுல மழை புடிச்சுதுன்னா அறுக்கறதுக்குள்ள தண்ணி வந்துரும். வந்தா வலையை எடுத்துக்கறது."

அவர் பயந்தது நடந்தது. அந்த ஜூலையில் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி, மிஞ்சிய நீர் மாநில எல்லையில் பிலிகுண்டுலு வழியாகப் பாய்ந்து வந்ததில், நாற்பது அடியை ஒட்டிக் கிடந்த மேட்டூர் ஜூலை 30 அன்று 120 அடியைத் தொட்டது. கம்பு என்ன ஆனது என்று விசாரிக்க எனக்கு வழியில்லை.

பண்ணவாடிக்கு எதிர்க்கரை நாகமரை. அது தருமபுரி மாவட்டம், இது சேலம் மாவட்டம். நடுவில் படகுப் போக்குவரத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள், மோட்டார் சைக்கிளைப் படகில் ஏற்றிக்கொண்டு பெண் பார்க்கப் போகிறவர்கள் என்று எல்லோரும் அதில்தான். சாலை வழியாகப் போவதானால் அணையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆறாக இருந்தபோது அக்கரை என்பது கூப்பிட்டால் காது கேட்கும் தூரம். நிரம்பி நிற்கும்போது இந்த நீர்ப்பரப்பு 153 சதுர கிலோமீட்டர். காற்று வீசினால் அலை எழும்பும், படகை நிறுத்திவிடுவார்கள். மேல்பக்கத்தில் ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் இடையே பாலம் வேண்டும் என்பது தலைமுறை தாண்டிய கோரிக்கை.

அணையின் கதை சுருக்கமானது. காவிரியில் யார் எவ்வளவு தேக்கலாம் என்று சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1924இல் ஒப்பந்தம் போட்டன. மைசூர்க்காரர்களின் கிருஷ்ணராஜ சாகருக்கும் மேட்டூருக்கும் அதில் வழி பிறந்தது. 1925இல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி திறந்துவைத்தார். கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அந்தக் காலத்தில் உலகின் பெரிய அணைகளில் ஒன்று. நீர்த்தேக்கத்துக்கு ஆளுநரின் பெயர், பதினாறு கண் உபரிநீர் மதகுக்கு எல்லிஸ் என்ற பொறியாளரின் பெயர். மூழ்கிய ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைத் தாங்களே தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். இன்று வரைபடத்தில் இருக்கும் பண்ணவாடியும் காவேரிபுரமும் அப்படி ஏறி வந்தவை.

மேட்டூர் அப்போதைய வழக்கத்துக்கு மாறானதல்ல. மைசூரில் கிருஷ்ணராஜ சாகருக்காகக் கண்ணம்பாடி மூழ்கியது. பின்னால் பவானிசாகருக்காக டணாய்க்கன் கோட்டை மூழ்கியது. வறட்சியில் அந்தக் கோட்டையும் கோயிலும் இதே மாதிரி தலைகாட்டும், சத்தியமங்கலம் பக்கத்து ஜனங்கள் பார்க்கப் போவார்கள். 2000ஆம் ஆண்டில் அறிக்கை தந்த உலக அணைகள் ஆணையம், பெரிய அணைகளால் உலகம் முழுக்க இடம்பெயர்ந்தவர்கள் 4 கோடியிலிருந்து 8 கோடி வரை இருக்கலாம் என்றது. கீழ்க்கணக்குக்கும் மேல்கணக்குக்கும் நடுவில் 4 கோடிப் பேர் வித்தியாசம். மதகில் போகும் தண்ணீரைக் கன அடிக் கணக்கில் அளக்கத் தெரிந்தவர்கள் ஆட்களை எண்ணிய லட்சணம் இது.

மேட்டூர் ஊருக்குள் வந்தால் மனசு மாறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அணைக்கட்டு முனியப்பனுக்குச் சேவல் அறுத்து, கால்வாயில் குளித்து, மரத்தடியில் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து அணையைக் குறை சொல்வது கஷ்டம். கடைகளில் மசாலா தடவிய மீன்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. பெரும்பாலும் கட்லா, ரோகு, மிருகால். மூன்றும் கங்கைக் கரை மீன்கள்; மீன்வளத்துறை குஞ்சு விட்டு வளர்ப்பவை. ஓடும் தண்ணீரில் வாழ்ந்து பழகிய காவிரியின் சொந்த மீன்களுக்குத் தேங்கிய தண்ணீர் அவ்வளவாகச் சேரவில்லை. வலைக்காரர்களுக்குப் பிழைப்பு இருக்கிறது, அது உண்மை. வறுவல் நன்றாகவே இருந்தது.

சேலம் மாவட்டத்துக்காரர்களின் ஆற்றாமை ஒன்றும் இங்கேதான் காதில் விழுந்தது. அணை இருப்பது அவர்கள் மண்ணில். கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் 45,000 ஏக்கருக்குத் தண்ணீர் தருகின்றன. ஆனால் அணையைவிட மேடான ஊர்களின் ஏரிகள் காய்ந்தே கிடந்தன. கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு மேல் அவர்களுக்கு உரிமை இல்லை. 100 ஏரிகளுக்கு மேட்டூர் நீரை ஏற்றித் தரும் 565 கோடி ரூபாய்த் திட்டம் 2020இல்தான் தொடங்கியது, திப்பம்பட்டியில் நீரேற்று நிலையம் அமைத்தார்கள். அதிலும் எடுத்துக்கொள்ள அனுமதி உபரிநீரை மட்டும். அணை நிரம்பி வழிந்தால் இவர்களுக்குப் பங்கு உண்டு, வழியாவிட்டால் இல்லை.

மேட்டூரிலிருந்து பவானிக்குப் பேருந்தில் வந்தால் ஜன்னல் வழியாக ஆறு அவ்வப்போது தெரியும். அகலமாக, பச்சையாக, அசையாமல் கிடக்கும். பார்ப்பதற்குச் செழிப்பாக இருக்கிறதே என்று நினைத்தால் ஏமாந்தோம். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு கதவணையின் தேங்கல் முடிகிற இடத்தில் அடுத்ததன் தேங்கல் ஆரம்பித்துவிடுகிறது. மணல் திட்டு இல்லை, மடு இல்லை, சலசலப்பு இல்லை. ஆகாயத்தாமரை ஏக்கர் கணக்கில் படர்ந்திருக்கிறது. ஓடுகிற ஆறு தன்மேல் கொட்டுவதைக் கொஞ்சமாவது கழுவிக்கொண்டு போகும். ஈரோட்டுக்கு வரும்போது சாயக்கழிவும் தோல் கழிவும் சாக்கடையும் இறங்குவது ஓட்டமில்லாத தண்ணீரில்.

மிச்ச ஆற்றை ஆகஸ்டில் பார்த்தேன். அது வேறு நாடு மாதிரி இருந்தது. முக்கொம்பில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு கலங்கல் வெள்ளம். ஆற்றைப் பார்க்கத் திருச்சியே திரண்டிருந்தது. மேட்டூர் நிரம்பி, ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டிருந்தார்கள். இங்கே ஆறு காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிகிறது. 1836இல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியதே, கொள்ளிடம் எல்லாத் தண்ணீரையும் வாரிக்கொண்டு போய்விடாமல் காவிரிக்குப் பங்கு கிடைக்க வேண்டும் என்பதற்காக. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடத்தின் பக்கம் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. பழசானதால் விழுந்தது என்றது ஒரு தரப்பு. கீழே மணலை அள்ளி அள்ளி ஆற்றின் படுகை இறங்கிவிட்டது, அஸ்திவாரம் அந்தரத்தில் நின்றது என்றது இன்னொரு தரப்பு. என் சாய்வு இரண்டாவதன் பக்கம். மணல் கொள்ளையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அள்ளிய குழியை நிரப்ப மேலேயிருந்து புது மணல் வருவதைத் தொண்ணூறு வருஷமாக மேட்டூர் தடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

பண்ணவாடியில் என் முழங்கை வரை போன அந்த வெடிப்பு ஞாபகத்துக்கு வந்தது. மைசூர் மலைகளிலிருந்து ஆறு கரைத்துக்கொண்டு வரும் மண், தேங்கிய தண்ணீருக்குள் நுழைந்ததும் வேகம் இழந்து அடியில் படிகிறது. அணை தாண்டிப் போகும் நீரில் வண்டல் குறைவு. டெல்டா என்பதே அந்த வண்டலால் ஆன நிலம். ஆறு வருஷா வருஷம் கொண்டுவந்து போட்டால்தான் அது கடல் மட்டத்துக்கு மேல் நிற்கும். இல்லாவிட்டால் தன் பாரத்தில் தானே அமுங்கும். அணை கட்டி 83 வருஷம் கழித்து, 2017 மே மாதத்தில், முதல் தடவையாக மேட்டூரில் தூர் வாரினார்கள். உழவர்கள் டிராக்டரில் வண்டலை அள்ளிக்கொண்டு போனார்கள், நல்ல காரியம். ஆனால் அந்த வண்டிகள் போனது சுற்றுவட்டாரத்துக் காடு கழனிக்கு. கடலோரம் போக வேண்டிய மண் அது.

கல்லணையில் கரிகாலன் செய்தது வேறு வேலை என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். அது தண்ணீரைத் தேக்கவில்லை, திருப்பிவிட்டது. வெள்ளம் வந்தால் மேலே ஏறிப் போகும், மண்ணும் கூடவே போகும். ஊர் எதுவும் மூழ்கவில்லை. இதற்காகப் பழங்காலமெல்லாம் பொற்காலம் என்று முடிச்சுப் போடத் தேவையில்லை. வெள்ளம் வந்தால் உண்டு, வராவிட்டால் பஞ்சம் என்பதுதான் அன்றைய டெல்டா. 1924 வெள்ளத்தில் ஊர்கள் அடித்துக்கொண்டு போனதைத் திருச்சி, தஞ்சைப் பக்கத்துப் பழைய குடும்பங்கள் இன்றும் சொல்லும். மேட்டூர் வந்த பிறகு அந்த பயம் பெருமளவு போயிற்று. குறுவையை நம்பி நாற்று விட முடிந்தது.

கல்லணையில் ஆரம்பிக்கும் கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூரில் புது ஆறு என்பார்கள். மேட்டூரோடு பிறந்த கால்வாய் அது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக நாகுடி வரை 148 கிலோமீட்டர். அதற்கு முன் அந்தப் பக்கம் மானாவாரிக் காடும் ஏரிப் பாசனமும்தான். இன்று இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. ஒரத்தநாட்டுத் தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார்: "எங்க கொள்ளுத்தாத்தா கேப்பக்களி தின்னாரு, நாங்க சோறு திங்கிறோம். அணை வேணாம்னு எங்ககிட்ட வந்து பேசாதீங்க." பேசவில்லை. பண்ணவாடிப் பெரியவரும் இவரும் ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை. அவருடைய காடுதான் இவருடைய சோறு. அணை விஷயத்தில் நான் பார்த்த வரை லாபமும் நஷ்டமும் ஒரே ஊரில் விழுவதில்லை. அதனால்தான் கணக்கு எப்போதும் லாபத்தில் முடிகிறது, எழுதுபவர்கள் லாபம் விழுந்த ஊர்க்காரர்களாகவே இருக்கிறார்கள்.

புது ஆற்றின் தரையில் இப்போது கான்கிரீட் போடுகிறார்கள். கசிவு குறையும், தண்ணீர் கடைசி வரை போகும் என்கிறது அரசு. தரையில் போட்டால் நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று சில ஊர்களில் போராட்டம் நடந்தது. கசிவு என்று பொறியாளர் எழுதுவதைக் கிணறு ஊறுவது என்கிறார் ஊர்க்காரர்.

தஞ்சைக்குக் கிழக்கே போகப் போகக் காட்சி மாறுகிறது. அந்த வருஷம் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை, ஜூலை 28 அன்றுதான் திறந்தது. போர் போட்டவர்கள் குறுவை நட்டு, பயிர் இடுப்பளவு நின்றது. போர் இல்லாதவர்களின் நிலம் தரிசு. போர் போடப் பணம் வேண்டும், சொந்த நிலம் வேண்டும். கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் குத்தகைக்கு உழுபவர் எந்தத் தைரியத்தில் போடுவார்? கடலை நெருங்கினால் பணமிருந்தும் பயனில்லை, நிலத்தடி நீர் உப்பு. ஆக, மதகு திறப்பது தள்ளிப்போனால் அடி விழும் வரிசையும் ஏற்கெனவே தீர்மானமானது. நடவுக்குப் போகும் பெண்கள் அந்த வரிசையின் கடைசி. மயிலாடுதுறைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். "நடவு இருந்தா நான் ஏன் தம்பி அவன் அனுப்புற காசை எதிர்பாக்குறேன்?"

ஆடிப்பெருக்கு புதுவெள்ளத்தைக் கும்பிடும் விழா. மேட்டூருக்குப் பிறகு அது மதகைக் கும்பிடும் விழாவாகிவிட்டது. தண்ணீர் இருந்தால் விழாவுக்கென்று கணக்காகத் திறந்துவிடுகிறார்கள். இல்லாத வருஷங்களில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் ஷவர் வைத்து ஜனங்களைக் குளிக்கவைத்ததும் உண்டு. 2024 ஆடியில் நேர்மாறு. வெள்ளம் அதிகமாகி, படித்துறைகளில் போலீஸ் கயிறு கட்டி நின்றது.

பூம்புகாருக்குச் சற்று முன்னால் மேலையூரில் கடைமடைக் கதவணை இருக்கிறது. தண்ணீர் அங்கே வந்து சேரும் நாளில் பூவும் நெல்லும் தூவி வரவேற்பார்கள். அதைத் தாண்டிய காவிரியைப் பார்த்தால் முதல் தடவை வருகிறவர்கள் இதுவா என்று கேட்பார்கள். சோழர் துறைமுகத்துக்குக் கப்பல் விட்ட ஆறு ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிக் கடலில் சேர்கிறது. மிச்சக் காவிரி வயல்களுக்குள் பிரிந்துபோய்விட்டது. பாசனத்துக்குப் போன தண்ணீரைக் குறை சொல்ல மாட்டேன். கடலுக்கென்று பெயருக்கு மட்டும் ஒதுக்கியதுதான் குறை. 2007 தீர்ப்பில் காவிரி நடுவர் மன்றம் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சியும், கடலில் தவிர்க்க முடியாமல் போய்ச் சேருவதாக 4 டி.எம்.சியும் ஒதுக்கியது. காவிரியின் மொத்த நீராக அது எடுத்துக்கொண்டது 740 டி.எம்.சி. தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் நன்னீர் வரத்து குறைந்து உப்பு ஏறிவிட்டதைச் சதுப்பைப் பார்த்தாலே தெரியும்; உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் நிற்கிறது, மற்ற மரங்கள் அரிது.

கொள்ளிடத்தில் ஒரு காலத்தில் உல்லம் மீன் ஏறும். வங்காளிகள் உயிரை விடும் ஹில்சாதான். கடலில் வாழ்ந்து, வெள்ளத்தின் வாடை கண்டதும் முட்டையிட ஆற்றில் ஏறும் மீன். அணைக்கரையில் காட்டனின் கீழணை குறுக்கே நின்றது. பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் 1873 அறிக்கையிலேயே இப்படிப்பட்ட தடுப்புகளில் மீன் ஏற வழி வைக்க வேண்டும் என்று வாதாடினார். பிறகு மேட்டூர் வந்து வெள்ளத்தையே குறைத்துவிட்டது. ஏறுவதற்கு வெள்ளமும் இல்லை, வழியும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு மேகேதாட்டுவில் 67 டி.எம்.சிக்கு இன்னோர் அணை கட்ட வேண்டும் என்கிறது கர்நாடகம். சுமார் 5,000 ஹெக்டேர் மூழ்கும், அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயம். யானையும் நீர்நாயும் நரை அணிலும் உள்ள காடு. எல்லைக்கு இந்தப் பக்கம் அதே காட்டின் தொடர்ச்சியைத்தான் 2022 நவம்பரில் தமிழ்நாடு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. நாம் மேகேதாட்டுவை எதிர்ப்பது தண்ணீர் வராது என்பதற்காக. அது நியாயமான காரணம்தான். ஆனால் மூழ்கும் காட்டைப் பற்றி நம் மேடைகளில் பேச்சு குறைவு. பேச ஆரம்பித்தால் பண்ணவாடியைப் பற்றியும் பேச வேண்டி வரும்.

கொள்ளிடம் கடலில் சேரும் பழையாற்றில் அன்று துறைமுகமே கலங்கலாக இருந்தது. கடலுக்குள் வெகுதூரம் வரை தண்ணீர் மண் நிறம். திருச்சியில் வாங்கிய பேப்பரில் 'வீணாகக் கடலில் கலக்கும் காவிரி நீர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பொரி தின்றுகொண்டிருந்த படகுக்காரரிடம் அந்தத் தலைப்பைக் காட்டினேன்.

"வீணுங்குறானா? நல்லதண்ணி வந்தாத்தான் எறா வரும். அஞ்சாறு வருசம் தண்ணியே எறங்கலன்னா மொகத்துவாரம் தூந்துபோவும், போட்டு வெளிய போவாது. இந்த வெள்ளம் அடிச்சிட்டுப் போனாத்தான் எங்களுக்கு வழி."

"அப்ப இது நல்ல வருஷம்?"

"நல்ல வருசம்தான். ஆனா இத பாருங்க." அவர் வலையைத் தூக்கிக் காட்டினார். கதவணைகளில் தேங்கிக் கிடந்த ஆகாயத்தாமரை அத்தனையும் வெள்ளத்தோடு வந்து கண்ணிகளில் சிக்கியிருந்தது. அவரும் மருமகனும் காலையிலிருந்து அதைத்தான் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.